எலிக்காய்ச்சல் வந்த வீட்டில் நாயை என்ன செய்வது?

கேள்வி:

டாக்டர், நாங்கள் மடிப்பாக்கத்தில் தனி வீட்டில் இருக்கிறோம். நவம்பர் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. என் கணவர் (42) வண்டியைத் தள்ளிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் அந்தத் தண்ணீரில்தான் போய் வந்தார். பத்து நாள் கழித்துக் குளிர் ஜுரம், கெண்டைக்காலில் தொட முடியாத வலி, கண் இரண்டும் சிவந்துவிட்டன. டெங்கு என்று நினைத்தோம். ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகம் பாதித்து ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறி, ஒரு வாரம் உள்ளே இருந்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "வீட்டில் நாய் இருக்கிறதா?" என்பதுதான். இருக்கிறது. மணி, நாலு வயது நாட்டு நாய், நன்றாகத்தான் சாப்பிடுகிறது. அதிலிருந்து என் மாமியார் மணியைத் திண்டிவனத்தில் கொழுந்தனார் தோட்டத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்கிறார், எட்டு வயது மகள் அழுகிறாள். நோய் மணியிடமிருந்துதான் வந்ததா? கணவருடைய மாத்திரையில் மீதியை நாய்க்கும் கொடுக்கச் சொல்கிறார் மருந்துக் கடைக்காரர், கொடுக்கலாமா? தெரு நாய்களை எல்லாம் பிடித்துப் போகச் சொல்லித் தெருவில் கையெழுத்து வாங்குகிறார்கள், நானும் போடலாமா? தெருக்கோடியில் மாடு வைத்திருப்பவரிடம்தான் பால் வாங்குகிறோம், அதையும் நிறுத்த வேண்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

கால்நடை டாக்டரின் பதில்:

கிரியாட்டினின் ஏறிய பிறகும் உங்கள் கணவர் வீடு திரும்பிவிட்டார் என்பது பெரிய விஷயம். உலகம் முழுக்க வருஷத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் வருகிறது, ஏறத்தாழ 59 ஆயிரம் பேர் இறக்கிறார்கள் என்று 2015-இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. இறப்பவர்களில் பலர் "மழைக் காய்ச்சல்தானே, ரெண்டு நாள் பார்ப்போம்" என்று உட்கார்ந்தவர்கள். நீங்கள் உட்காரவில்லை.

சரி, மணிக்கு வருவோம். நூற்றுக்கு நூறு மணி காரணம் இல்லை என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. ஆனால் பதில் உங்கள் கடிதத்திலேயே பாதி இருக்கிறது. இந்தக் கிருமி உடம்புக்குள் போன பிறகு காய்ச்சலாக வெளியே வர இரண்டு நாளிலிருந்து முப்பது நாள் வரை ஆகலாம், பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினாலு நாள். உங்கள் கணவர் தண்ணீரில் நடந்து பத்தாம் நாள் படுத்திருக்கிறார். காலில் பித்தவெடிப்பு, செருப்பு கடித்த புண், ஷேவிங் வெட்டு மாதிரி ஏதாவது இருந்ததா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். இருந்திருந்தால் நான் மணியை விட்டுவிட்டு அந்தத் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் கேட்ட கேள்வியில் தப்பு இல்லை, கேட்க வேண்டிய கேள்விதான். நாயோடு நிறுத்திவிட்டார் என்பதுதான் என் வருத்தம். வீட்டில் எலி உண்டா, தெருவில் தண்ணீர் நின்றதா, சம்ப்புக்குள் வெள்ளம் போனதா, பக்கத்தில் மாடு கட்டுகிறார்களா என்று அதே மூச்சில் கேட்டிருந்தால் உங்கள் மாமியாருக்கு இந்தப் பயம் வந்திருக்காது. விசாரணைக்குக் கேட்ட ஒரு கேள்வி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தீர்ப்பாக மாறிவிட்டது.

இந்தக் கிருமிக்கு லெப்டோஸ்பைரா என்று பெயர். நுண்ணோக்கியில் பார்த்தால் நுனி வளைந்த மெல்லிய ஸ்பிரிங் மாதிரி நெளியும். எலிக்கும் பெருச்சாளிக்கும் சிறுநீரகத்துக்குள் குடியிருக்கும், ஆனால் அவற்றுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. எலி பாட்டுக்கு ஓடியாடித் திரியும், போகிற இடமெல்லாம் சொட்டுச் சொட்டாக மூத்திரம் விட்டுக்கொண்டே போகும், அதில் கிருமி இறங்கிக்கொண்டே இருக்கும். வெயில் பட்டுக் காய்ந்த தரையில் விழுந்தால் சீக்கிரம் செத்துவிடும். ஈர மண்ணிலும் தேங்கின தண்ணீரிலும் விழுந்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் சித்திரை வெயிலில் எலிக்காய்ச்சல் அபூர்வம், ஐப்பசி கார்த்திகையில் வரிசையாக வரும். எலி அதே எலிதான். மழைநீர்க் கால்வாயில் சாக்கடை கலந்து, அடைத்துக்கொண்டு, வளைகளுக்குள் தண்ணீர் ஏறி, பெருச்சாளி எல்லாம் மேலே வந்து, அந்தக் கலவை நம் முழங்கால் வரைக்கும் நிற்கிறது, அவ்வளவுதான். புண் வழியாகப் போகும், கண் மூக்கு வாய்ச் சவ்வு வழியாகவும் போகும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவில் எலிக்காய்ச்சல் பரவியபோது தண்ணீரில் இறங்கியவர்களுக்கு வாரத்துக்கு ஒரு முறை டாக்ஸிசைக்ளின் என்ற ஆண்டிபயாட்டிக் கொடுத்தது இதற்காகத்தான். அடுத்த மழையில் உங்கள் கணவர் தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், இதைப் பற்றி முன்கூட்டியே அவருடைய டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். தானாக வாங்கிப் போட வேண்டாம்.

மணியும் அந்தத் தண்ணீரில் நடந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. நடந்திருக்கும். ஒன்றுக்கு இரண்டுக்கு வெளியே போயாக வேண்டுமே. நடந்ததோடு நிற்காமல் நக்கியும் இருக்கும், குடித்தும் இருக்கும். ஆக, உங்கள் கணவர் எங்கிருந்து வாங்கினாரோ அங்கிருந்தே மணியும் வாங்கியிருக்கலாம். நான் பார்க்கிற எலிக்காய்ச்சல் நாய்களில் சில மஞ்சள் காமாலையோடு, ஈறு மஞ்சளாக, வாந்தியோடு, எழுந்திருக்கவே வலித்துக்கொண்டு வரும். அது கண்ணுக்குத் தெரிகிற நோய். கண்ணுக்குத் தெரியாத நாய்களும் உண்டு: நன்றாகச் சாப்பிடும், வாலாட்டும், ஆனால் மூத்திரத்தில் கிருமியை விட்டுக்கொண்டிருக்கும். மணி நன்றாகச் சாப்பிடுகிறது என்று நீங்கள் எழுதியதை வைத்து நான் நிம்மதி அடைய மாட்டேன். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா, அடிக்கடி ஒன்றுக்குப் போகிறதா என்று பாருங்கள். சில நாய்களில் சிறுநீரகம் சொல்கிற முதல் சேதி அதுதான்.

எனவே பரிசோதனை. இந்த வாரமே. ரத்தமும் மூத்திரமும் எடுப்பார்கள். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் மேட் என்கிற சோதனை ஒன்று, மூத்திரத்தில் கிருமியே இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் ஒன்று. மேட் சோதனையில் ஒரு சிக்கல் இருக்கிறது, முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: தடுப்பூசி போட்ட நாய்க்கும் அது லேசாக பாசிட்டிவ் காட்டும். அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாமல், இரண்டு மூன்று வாரம் விட்டு இன்னொரு முறை எடுத்து, அளவு நாலு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம். சென்னையில் இருப்பதில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு மாதவரத்தில் இந்த நோய்க்குச் சோதனை செய்கிற ஆய்வகம் இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் சொன்னால் மாதிரியை அனுப்ப ஏற்பாடு செய்வார், இல்லையென்றால் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கே மணியைக் கூட்டிக்கொண்டு போகலாம். காலையில் போங்கள், கூட்டம் இருக்கும், வாய்க்கூடு போட்டுக்கொண்டு போங்கள்.

போகும்போது உங்கள் கணவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு நகலும் எடுத்துப் போங்கள். எதற்கு என்று கேட்பீர்கள். மனிதருக்கு வைத்தியம் பார்ப்பவரும் மிருகத்துக்கு வைத்தியம் பார்க்கிற நாங்களும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே தெருவில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. உங்கள் வீட்டில் எலிக்காய்ச்சல் என்பது ஆஸ்பத்திரிக்குத் தெரியும், மாநகராட்சி சுகாதாரப் பிரிவுக்குத் தகவல் போனால் அவர்களுக்கும் தெரியும். மணியைப் பார்க்கிற டாக்டருக்குத் தெரியாது. அதே மாதிரி, இந்த மாதம் உங்கள் பக்கம் நாலு நாய் காமாலையோடு வந்திருந்தால் அது கால்நடை டாக்டருக்குத் தெரியும், உங்கள் பக்கத்துக் கிளினிக்கில் காய்ச்சல் பார்ப்பவருக்குத் தெரியாது. நாய் பல சமயம் நமக்கு முன்னாலேயே படுக்கும். ஏனென்றால் அது செருப்பில்லாமல் நடக்கிறது, தரையில் இருப்பதை நக்குகிறது. அந்த எச்சரிக்கையைக் கேட்க ஆள் இல்லை என்றால் அது வெறும் ஒரு நாயின் சாவோடு போய்விடும். மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் நலமும் ஒன்று என்று இப்போது ஒன் ஹெல்த் என்ற பெயரில் கருத்தரங்கம் எல்லாம் நடக்கிறது, நல்லதுதான், நானும் போகிறேன். ஆனால் இன்றைய தேதிக்கு மடிப்பாக்கத்தில் அந்த மூன்றையும் இணைக்கிற ஆள் அந்த நகலைக் கையில் வைத்திருக்கிற நீங்கள்தான்.

தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் "வருஷா வருஷம் ஊசி போடுகிறோம் டாக்டர்" என்பார்கள், அட்டையைத் திறந்தால் வெறிநாய்க்கடி ஊசி மட்டும் ஒழுங்காக இருக்கும். எலிக்காய்ச்சலுக்கான மருந்து வேறு, குட்டியில் போடுகிற அந்தக் கூட்டு ஊசியில் வருவது. அதன் பலன் ஏறத்தாழ ஒரு வருஷம்தான். குட்டியில் போட்டது நாலு வயதில் காப்பாற்றாது. அப்புறம், இந்தக் கிருமியில் வகைகள் 250-க்கு மேல் உண்டு, ஊசியில் இரண்டு அல்லது நாலு வகைதான் இருக்கும். அதனால் ஊசி போட்ட நாய்க்கு வரவே வராது என்று சொல்ல முடியாது. இருந்தாலும் போடுங்கள். மழைக்கு முன்னால், ஆவணி புரட்டாசியிலேயே போட்டுவிட்டால் உத்தமம்.

மணிக்கு இருக்கிறது என்று வந்தால்? மருந்து இருக்கிறது. சரியான அளவில் இரண்டு வாரம் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் சிறுநீரகத்தில் ஒளிந்திருப்பதும் போய்விடும். ரிப்போர்ட் வரும் வரைக்கும், வந்தால் மருந்து முடியும் வரைக்கும், வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மணியை மூத்திரம் போக ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள், வெயில் படுகிற காய்ந்த இடமாக, சம்ப்பு மூடிக்கும் மகள் விளையாடுகிற இடத்துக்கும் தள்ளி. வீட்டுக்குள் போய்விட்டால் கையுறை போட்டுத் துடைத்து பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றுங்கள், ஹோஸ் பைப்பை வைத்துப் பீய்ச்சி அடிக்க வேண்டாம், தெறிக்கும். மகள் மணியைத் தொடலாம், பக்கத்தில் உட்காரலாம், தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், மூஞ்சியை நக்க விடக் கூடாது, ஒரே படுக்கையில் இரண்டு பேரும் படுக்கக் கூடாது. உங்கள் கணவரிடமிருந்து மகளுக்குத் தொற்றுமோ என்று பயப்படாதீர்கள், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது மிக மிக அபூர்வம்.

இப்போது திண்டிவனம். மாமியாருக்கு நேராகவே சொல்கிறேன், அவரிடம் படித்துக் காட்டுங்கள்: அம்மா, மணிக்கு நோய் இல்லை என்றால் அதை அனுப்பி ஒரு பிரயோஜனமும் இல்லை. நோய் இருக்கிறது என்றால் அனுப்புவது அதைவிட மோசம், ஏனென்றால் உங்கள் இன்னொரு பிள்ளையின் தோட்டத்துக்கு, அங்கே இருக்கிற மாட்டுக்கும் வாய்க்காலுக்கும் கிருமியைப் பார்சல் கட்டி அனுப்புகிறீர்கள். மாட்டுக்கு இது வந்தால் சினை கலையும், பால் திடீரென்று குறையும். இங்கே எலி இருக்கிற வரைக்கும் இங்கேயும் நோய் அப்படியே இருக்கும்.

அம்மாவுக்கு எலி இருப்பதில் சந்தேகம் இருந்தால் இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். படுக்கப் போகும்முன் கோலமாவை எடுத்து, மணியின் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றியும், மோட்டார் ரூம் வாசலிலும், காம்பவுண்டுச் சுவரை ஒட்டியும், வாஷிங் மெஷின் பின்னாலும் மெல்லிசாகத் தூவி வைக்கட்டும். எலி எப்போதும் சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும். காலையில் மாவில் சின்னச் சின்னக் கால் தடமும், நடுவில் வால் இழுத்த கோடும் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டைச் சுற்றி நாலு விரல் தடம் தெரிந்தால், மணி ராத்திரி மிச்சம் வைத்த சோற்றை யார் சாப்பிட்டார்கள், சாப்பிடும்போது அந்தத் தட்டில் என்ன விட்டுவிட்டுப் போனார்கள் என்பது புரிந்துவிடும். காலையில் மணி அதே தட்டை நக்கும். நான் வீடுகளுக்குப் போகும்போது முதலில் பார்ப்பது இந்தத் தட்டைத்தான். பாதிக்கு மேல் வீடுகளில் அது ராத்திரி முழுக்க வராந்தாவிலேயே கிடக்கும், நாலு உலர்தீனி உருண்டையோடு, பக்கத்தில் பாசி பிடித்த தண்ணீர்ச் சட்டியோடு. காம்பவுண்டு ஓரத்தில் புதுசாகத் தள்ளிய மண் குவியல் இருந்தால் அது பெருச்சாளி வளை.

ஆக, சாயங்காலம் சாப்பாடு வைத்துக் கால் மணி நேரத்தில் தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். தண்ணீர்ச் சட்டியையும் தினம் தேய்த்துக் கழுவி வேறு தண்ணீர் ஊற்றுங்கள். அரிசி, நாய்த்தீனி எல்லாம் மூடி இறுகிற டப்பாவில். மோட்டார் ரூமில் கிடக்கிற பழைய அட்டைப் பெட்டி, உடைந்த நாற்காலி, "பிறகு தேவைப்படும்" என்று வைத்திருக்கிற எல்லாம் வெளியே. சாக்கடைக் குழாய் வாய்களில் வலை அடியுங்கள். சம்ப்புக்குள் வெள்ளத் தண்ணீர் போயிருந்தால் முழுக்க இறைத்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, அந்தத் தண்ணீரையும் வெளியேற்றிய பிறகுதான் புழங்க வேண்டும். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

எலி மருந்து வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். வேண்டாம். மருந்து தின்று தள்ளாடுகிற எலியை மணி பிடித்துத் தின்னும், ரத்தம் உறையாமல் மணி என் மேசைக்கு வரும். கூகை ஆந்தையும் அப்படித்தான் சாகிறது. நம் ஊரில் ராத்திரி பைசா செலவில்லாமல் எலி பிடிக்கிற ஆள் அந்தக் கூகை, அது கத்தினால் அபசகுனம் என்று கல்லெடுக்கிறோம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டை எட்டு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டுக்குள் கனவிலும் கொண்டு வராதீர்கள், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. பொறி வையுங்கள். செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள்.

தெரு நாய்க் கையெழுத்துக்கு வருகிறேன். தெரு நாய்களிடமும் இந்தக் கிருமி இருக்கலாம், இல்லை என்று சாதிக்க மாட்டேன். கடி என்பதும் நிஜமான பிரச்சினை, கடிபட்டவரிடம் போய் ஜீவகாருண்யம் பேசுகிற ஆள் நான் இல்லை. ஆனால் உங்கள் தெருவில் அந்த நாய்கள் ஏன் இருக்கின்றன? தெருமுனைத் தொட்டி வழிவதால். பிரியாணிக் கடை மிச்சம், கோழிக் கடைக் கழிவு, காலையில் வண்டி வரும் என்று தெரிந்தும் முந்தின ராத்திரியே வாசலில் வைக்கிற பை. நாயைப் பிடித்துப் போனால் தொட்டி அங்கேயேதான் இருக்கும். அதைத் தின்ன வேறு யாராவது வருவார்கள், வேறு தெரு நாய் வரும், ஊசி போடாதது, கருத்தடை செய்யாதது. அதற்குள் எலி பெருகும்.

இது நான் கற்பனையாகச் சொல்வது அல்ல, இந்த நாடு ஒரு முறை பெரிய அளவில் பார்த்துவிட்டது. 1990-களில் மாடுகளுக்கு வலிக்காக டைக்ளோஃபினாக் ஊசி போட ஆரம்பித்தோம், நாங்கள்தான், கால்நடை டாக்டர்கள்தான் போட்டோம். அந்த மாடு செத்தால் அதைத் தின்ற பாறு கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் கழுகுகள் போய்விட்டன. நம் மாநிலத்தில் இப்போது அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரி, மாயாறு பக்கம் போக வேண்டும். கழுகு இல்லாத இடங்களில் ஊருக்கு வெளியே பிணம் கிடந்து அழுகியது, நாய் பெருகியது, தண்ணீர் கெட்டது. 2000 முதல் 2005 வரை இதனால் கூடுதலாக ஐந்து லட்சம் மனிதர்கள் இறந்திருக்கலாம் என்று இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மாட்டுக்கு டைக்ளோஃபினாக் 2006-இல் தடை செய்யப்பட்டது, இப்போது மெலாக்சிகாம் போடுகிறோம், அது கழுகைக் கொல்லாது. ஒரு மாட்டின் கால்வலிக்குப் போட்ட ஊசி எங்கே போய் நின்றது பாருங்கள். வெறும் "பிடித்துப் போங்கள்" என்ற மனுவைப் பார்த்தால் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வருகிறது.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், வேறு தாள் எழுதுங்கள். எங்கள் தெரு நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் வேண்டும், தொட்டியைத் தினம் அள்ள வேண்டும், மழைநீர்க் கால்வாயில் சாக்கடை இணைப்பு எங்கெங்கே கலக்கிறது என்று பார்த்து அடைக்க வேண்டும் என்று மூன்றையும் ஒரே மனுவில் கேளுங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அடித்தாலும் புகார் எடுத்துக்கொள்வார்கள், எண்ணைக் குறித்து வையுங்கள், இரண்டு நாள் கழித்துத் திரும்ப அடியுங்கள். பிடித்துக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடுவது சென்னைக்குப் புதுசு அல்ல, 1964-லேயே புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இங்கே தொடங்கிவிட்டது, 1996-இல் மாநகராட்சியும் எடுத்துக்கொண்டது. மத்திய அரசின் 2023 விலங்குக் கருத்தடை விதியும் அதையே சொல்கிறது. விட்டு விட்டுச் செய்வதால்தான் பலன் தெரிவதில்லை. யாரையாவது நாய் கடித்துவிட்டால், மணியாகவே இருந்தாலும், மஞ்சள் சுண்ணாம்பு எதுவும் தடவாமல் குழாயடியில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஊசிக்குப் போக வேண்டும். 0, 3, 7, 28 என்று நாலு நாள் கணக்கு, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

மீதி மாத்திரை. கொடுக்கக் கூடாது. இதில் எனக்குக் கோபமே வருகிறது. மருந்து அதே மருந்தாக இருக்கலாம், ஆனால் மணியின் எடைக்கு எவ்வளவு, எத்தனை நாள், சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் மூன்று நாளைக்குப் போட்டு நிறுத்தினால், கிருமி முழுசாகவும் சாகாது, பரிசோதனையில் ஒழுங்காகத் தெரியவும் செய்யாது. அதோடு மணியின் குடலில் இருக்கிற மற்ற கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும், அது மலத்தில் வெளியே வரும், அதே கால்வாய்க்குப் போகும். மீதி இருக்கிறது என்றால் உங்கள் கணவர் கோர்ஸை முடிக்கவில்லையோ என்று எனக்கு இன்னொரு சந்தேகம், அதையும் அவர் டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலான ஆண்டிபயாட்டிக்குகளுக்கு மசியாத என்டிஎம்-1 கிருமிகளைப் பற்றி 2010-இல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகைக் குழுமத்தின் இதழில் வந்து உலகமே பேசிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர், அவர்கள் பார்த்த நோயாளிகளில் ஒரு பகுதியினர் சென்னைக்காரர்கள். 2012-இல் டாக்டர்கள் கூடி ஆண்டிபயாட்டிக்கைக் கண்டபடி கொடுப்பதை நிறுத்த ஒரு வழிமுறை எழுதினார்கள், அதற்குப் பெயரே சென்னைப் பிரகடனம். கோழிப் பண்ணைகளில் தீவனத்தில் கலந்துகொண்டிருந்த கோலிஸ்டின் என்ற மருந்தை 2019-இல் அரசு தடை செய்ததும் இதே காரணத்துக்காக, அது மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கிற மருந்து. இவ்வளவும் நடந்த ஊரில் கவுண்டரில் நின்றுகொண்டு "மீதியை நாய்க்குப் போடுங்க" என்கிறார்கள். மணிக்கு ஜுரம் மாதிரி இருக்கிறது என்று நம்முடைய வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், சிறுநீரகம் ஏற்கெனவே அடிபட்டிருந்தால் அதுவே முடித்துவிடும்.

கடைசியாகப் பால். நிறுத்த வேண்டாம், நன்றாகக் காய்ச்சுங்கள். பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்துவிடாமல், தணித்து வைத்துக் கிளறியபடி இன்னும் இரண்டு மூன்று நிமிஷம் கொதிக்க விடுங்கள். பாலில் நான் எலிக்காய்ச்சலைவிட அதிகமாகப் பயப்படுவது சினை கலைக்கிற புருசெல்லா கிருமிக்கும் மாட்டுக் காசநோய்க்கும்தான், காய்ச்சினால் எல்லாம் சாகும். காய்ச்சாத பாலைக் குழந்தைக்குக் கொடுத்தால் தெம்பு என்று அம்மா சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: இந்த வருஷம் எந்த மாட்டுக்காவது மாதம் ஆகாமல் கன்று விழுந்ததா, பால் திடீரென்று நின்றதா என்று. ஆமாம் என்றால் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், நாலு மாசத்திலிருந்து எட்டு மாசம் வரையுள்ள கிடேரிக் கன்றுகளுக்குப் போடும் புருசெல்லா ஊசியையும் விசாரிக்கச் சொல்லுங்கள். அந்த வெள்ளத்தில் கட்டுத்தறியிலேயே நின்று பால் கறந்த மனுஷன் அவர், விழுந்த கன்றை வெறுங்கையால்தான் எடுத்துப் போட்டிருப்பார். அவருக்கும் சமீபத்தில் ஜுரம் வந்ததா என்று சேர்த்தே கேட்டுவிடுங்கள். வந்தது என்றால், உங்கள் கணவர் பார்த்த டாக்டரிடமே அவரையும் அனுப்பி, மாடு வைத்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.